அசாயிப் பழமும் நான் சொல்லாத சொல்லும்

1

எங்கள் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் விடுவார்கள். டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலைக் கரையில் நிற்கிற ஒரு பெரிய களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குவதுதான் என் வேலை. சாப்பாட்டு அறையில் டெனிஷ்காரர்கள் கறுப்புப் பாணுக்கு மேல் மீனை வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். நான் புட்டைச் சூடாக்குவேன். முதலில் மூக்கைச் சுளித்தவர்கள் இப்போது இன்றைக்கு என்ன கறி என்று எட்டிப் பார்க்கிறார்கள். முப்பது வருடத்தில் நான் இந்த நாட்டில் சாதித்தது அது ஒன்றுதான் என்று என் மனைவி ராணி சொல்வாள்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, என்னோடு வேலை செய்கிற ஹென்றிக் புட்டைப் பார்க்கவில்லை. நேரே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உனக்குச் சீனி வருத்தம் மாறிவிட்டதாமே. வாழ்த்துகள்."

நான் விளங்காமல் சிரித்தேன். விளங்காத இடத்தில் சிரிப்பது இங்கே வந்த நாளிலிருந்து பழகிப்போன ஒன்று. அவர் தன் போனை எனக்கு முன்னால் பிடித்தார். அதில் நான் இருந்தேன். எங்கள் குசினி, எங்கள் மேசை, என் நீலக் கம்பளிச் சட்டை. கையில் ஊதா நிறக் கூழ் நிரம்பிய கோப்பை. நான் தமிழில் ஏதோ கதைக்கிறேன். கீழே வெள்ளை எழுத்தில் டெனிஷ் ஓடுகிறது. நான் டெனிஷ் வாசிப்பேன், ஆனால் மெதுவாகத்தான் வாசிப்பேன். அதனால் ஹென்றிக்கிடம் திரும்பவும் போடச் சொன்னேன்.

"மருந்துக் குளிசைகளைக் குப்பையில் எறிந்துவிட்டேன். என் மகள் எனக்கு அசாயி தந்தாள். இப்போது நான் புது மனிதன்." கடைசியில் ஒரு கொம்பனியின் பெயரும் ஊதா நிறப் பொதியின் படமும் வந்தன.

அன்று காலையும் நான் நீரிழிவுக் குளிசை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போயிருந்தேன். பின்னேரத்துக்கு உரியது என் காற்சட்டைப் பையில் இருந்தது. இது பொய், என் மகள் என்னைப்பற்றிப் பொய் எழுதியிருக்கிறாள் என்று ஹென்றிக்குக்குச் சொல்லியிருக்கலாம். அந்தளவு டெனிஷ் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வசனம் வாயில் வரவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டுப் புட்டை மூடி வைத்தேன். பசிக்கவில்லை.

2

ஊரில் நீங்கள் அசாயியைக் கண்டிருக்க மாட்டீர்கள். அதனால் பழத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

பிரேசில் நாட்டின் ஆற்றங்கரைக் காடுகளில் வளர்கிற ஒரு மரம். படத்தில் பார்த்தபோது எங்கள் கமுகு என்றுதான் நினைத்தேன். அதே மெலிந்த உயரம், உச்சியில் அதே ஓலை. குலை குலையாகக் கறுத்த சின்னக் காய்கள் தொங்கும். காயில் பெரும்பகுதி கொட்டைதான். அதைச் சுற்றி மெல்லிய தோலும் கொஞ்சச் சதையும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்தால் கடும் ஊதாவில் ஒரு கூழ் வரும். பறித்த பழம் ஒரு நாளைக்கு மேல் நிற்காதாம். அதனால் எங்களுக்கு அது உறைந்த கட்டியாகவோ உலர்ந்த தூளாகவோதான் வருகிறது.

வாயில் வைத்தால் இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. மண்ணும் எண்ணெயும் கலந்த ஒரு ருசி. ஒலிவ் எண்ணெயில் இருக்கிற வகைக் கொழுப்பு அதில் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, கல்சியம் கொஞ்சம் இருக்கிறது. சீனி சேர்க்காத அசாயியில் சீனி மிகவும் குறைவு. அந்த ஊதா நிறத்திலேயே உடம்புக்கு நல்லது செய்கிற பொருள் இருக்கிறது என்கிறார்கள். நாவல்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கிற நிறம்தான். உடம்பை மெலிய வைக்கும், வருத்தத்தை மாற்றும் என்று பொதிகளில் எழுதுவதற்கு மட்டும் போதிய ஆதாரம் இல்லை. இதை எனக்குச் சொன்னது என் வைத்தியரிடம் வேலை செய்கிற தாதி. "நல்ல சாப்பாடு. மருந்து அல்ல. சீனி சேர்த்ததை மட்டும் வாங்காதே" என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு முழுவதும் விளங்கியது.

இங்கே அதை வாழைப்பழத்தோடு அரைத்து, மேலே ஓட்ஸும் தேங்காய்ப்பூவும் தூவிக் கோப்பையில் சாப்பிடுகிறார்கள். தயிரில் கலக்கிறார்கள். ராணி தன் பங்குக்குக் குரக்கன் கஞ்சியில் ஒரு கரண்டி தூள் போட்டாள். கஞ்சி பார்க்கச் சகிக்காத நிறத்துக்கு வந்தது, ஆனால் ருசி கெடவில்லை. அது விளைகிற ஊரிலோ சனங்கள் அதற்குச் சீனியே போடுவதில்லையாம். மரவள்ளி மாவோடும் பொரித்த மீனோடும் சாப்பிடுகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய சந்தோசம். தமிழ்க் கடையில் உறைந்த மரவள்ளி வாங்கி அவித்து, சூடை மீன் பொரித்து, அசாயியைச் சொதி மாதிரிப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நான் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

3

மகளின் பெயர் ஆரணி. இருபத்தேழு வயது. ஓர்ஹூஸ் நகரத்தில் இருக்கிறாள். கொம்பனிகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து கொடுக்கிற ஓரிடத்தில் வேலை. படிக்கப் போன நாளிலிருந்து தீபாவளிக்கும் நத்தார் விடுமுறைக்கும்தான் வீட்டுக்கு வருவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். ராணிக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை, ஆனாலும் நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் தீபாவளிக்கு வருவதும் நின்றுவிடுமோ என்ற பயம்.

எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகு எல்லாம் மாறியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலில் வந்து இறங்கினாள். கையில் குளிர்ப்பை, அதற்குள் அசாயிக் கட்டி. குசினியில் நின்று எனக்காக அரைப்பாள், வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி மேலே அடுக்குவாள். சாப்பிட்டு முடியும்வரை முன்னால் இருந்து பார்ப்பாள். சீனி வருத்தம் வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாப்பிடும்போது போனைப் பிடித்துப் படம் எடுப்பாள்.

"எதுக்குப் பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஞாபகத்துக்கு அப்பா," என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். தமிழில் சொன்னதால் எனக்கு அது இன்னும் இனித்தது.

"ஏதாவது கதையுங்கோவன்," என்றாள். நான் கதைத்தேன். அன்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நாவல்பழம் திண்ட மாதிரி நாக்கு ஊதாவாப் போகுது. சீனி வருத்தக்காரருக்கு நாவல் நல்லம் எண்டு ஊரிலை சொல்லுவினம். எனக்கெண்டால் டொக்டர் தந்த குளிசைதான். இது பிள்ளை தாறபடியாலை சாப்பிடுறன்."

ஹென்றிக்கின் போனில் வந்த வீடியோவில் கடைசி இரண்டு வசனமும் இல்லை. நாவல் நல்லம் என்பதோடு என் குரல் நிற்கிறது. மிச்சத்தைக் கீழே எழுத்து சொல்கிறது.

என் சொல்லை அவள் கையில் கொடுப்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வரவும் நியாயம் இல்லை. புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைதான் தகப்பனுக்கு வாய். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் இருந்தாலே பிள்ளைகள் டெனிஷ்காரரைப்போலக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கு நாக்கு திரும்பாது. வைத்தியர், வங்கி, பல்லுப் புடுங்குகிற இடம், கொமியூன் என்று நாங்கள் சொல்கிற நகரசபை அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஆரணியைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்துக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, கால் நிலத்தில் முட்டாமல் இருந்து, நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பக்கம் சொல்வாள். எனக்கு அதில் பெருமையாக இருக்கும்.

4

அன்று பின்னேரமே போன் எடுத்து ஆரணியைக் கேட்டிருக்கலாம். ராணிதான் மறித்தாள்.

"சனிக்கிழமை வருவாள்தானே. நேரை கேளுங்கோ. போனிலை கத்தாதேங்கோ."

"உனக்கு இது தெரியுமே?"

அவள் கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டே நின்றாள். "வீடியோ போட்டவள் எண்டு தெரியும். என்ன எழுதினவள் எண்டு நான் பாக்கேல்லை. சொன்னால் நீங்கள் சத்தம் போடுவியள், பிறகு அவள் வாறதை விட்டிடுவாள். அதுதான் சொல்லேல்லை."

ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் இதை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் பிரெடெரிசியாவில் இருந்து போன் வந்தது. யோகுவின் மனைவி. யோகுவும் நானும் இங்கே வந்த புதிதில் அகதி முகாமில் ஓர் அறையில் இருந்தவர்கள். என்னைவிட இளையவன். எனக்கு முன்னமே அவனுக்குச் சீனி வருத்தம். வேலை செய்கிற தொழிற்சாலையில் நின்ற நிலையிலேயே விழுந்துவிட்டான், மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னாள். குளிசையை விட்டதால் சீனி ஏறக்கூடாத அளவுக்கு ஏறியிருந்ததாம். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ரயில் எடுத்தேன்.

கட்டிலில் கையில் ஊசியோடு கிடந்தான். கண்ணைத் திறந்து என்னைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன யோகு இது? குளிசையை ஏன் விட்டனி?"

"நீங்கள்தானே அண்ணை எறிஞ்சனீங்கள். அதுதான் நானும் விட்டனான்."

"நான் எறியேல்லை. ஒரு நேரமும் விடேல்லை."

"வீடியோவிலை இருந்துது."

"அதை நான் சொல்லேல்லை யோகு. பிள்ளை எழுதினது."

எங்கள் ஆட்களின் போன் குழு ஒன்றில் அந்த வீடியோ அவனுக்கு வந்திருந்தது. என் குரலில் நாவல் என்று கேட்டான். டெனிஷில் குளிசையை எறிந்தேன் என்று வாசித்தான். கடையில் போய் அசாயி என்று எழுதியிருந்த, சீனிப்பாகு சேர்த்த ஐஸ்கிரீம் மாதிரி ஒன்றை வாங்கி, நாவல்பழம்தானே என்று நாளுக்கு இரண்டு தரம் சாப்பிட்டிருக்கிறான். பிரேசில்காரனோ டெனிஷ்காரனோ அந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். நாவல் தின்றால் சீனி இறங்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எங்களால்தான் அப்படிப் பிழைவிட முடியும்.

"டொக்டர் சொல்லியிருந்தால் நான் ரெண்டு பேரிட்டைக் கேட்டுப் பாத்திருப்பன்," என்றான் யோகு. "நீங்கள் சொன்னது எண்டபடியாலை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

வெளியே நடைபாதையில் அவன் மனைவி நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தாள். "அண்ணைக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ எண்டு நான் இவருக்குச் சொன்னனான். அண்ணை பொய் சொல்லமாட்டார், கேக்கத் தேவையில்லை எண்டிட்டார்." அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5

சனிக்கிழமை ஆரணி வழமைபோலக் குளிர்ப்பையோடு வந்தாள். நான் என் போனை மேசையில் வைத்து அந்த வீடியோவைப் போட்டேன். அவள் முகம் கொஞ்சம்தான் மாறியது.

"அப்பா, இது விளம்பரம். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒருவரும் அப்படியே நம்புவதில்லை," என்று டெனிஷில் சொன்னாள்.

"யோகு நம்பினவன். ஆசுப்பத்திரியிலை கிடக்கிறான். குளிசையை விட்டிட்டான்."

"யோகு மாமாவோ?" அது தமிழில் வந்தது. கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு தன் போனை எடுத்து என் கண் முன்னாலேயே தான் போட்ட வீடியோவை அழித்தாள். ஆனால் குழுக்களுக்குள் போனதை யாராலும் அழிக்க முடியாது, அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அழத் தொடங்கினாள். ராணி கிட்டப் போனாள். நான் போகவில்லை.

"நான் சொல்லாததை எப்பிடிப் பிள்ளை என்ரை வாயிலை வைச்சனி?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது தெரிந்தது. களைத்துப்போன ஆள் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் எப்பவும் அப்பிடித்தானே அப்பா செய்யிறனான்."

"எப்பவும் எண்டால்?"

"எல்லா இடத்திலையும். கொமியூனிலை நீங்கள் அந்த மனுசியை ஏசின நாளிலையும்."

அந்த நாளை நீங்கள் அறியவேண்டும். நான் முதலில் வேலை செய்த தொழிற்சாலை மூடி எனக்கு வேலை இல்லாமல் போயிருந்த காலம். கொமியூனில் ஒரு பெண் அதிகாரி என்னை ஒவ்வொரு கிழமையும் வரச்சொல்லி, ஏன் இன்னும் வேலை தேடவில்லை என்று கேட்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து நின்று தமிழில் சொன்னேன். "நான் உங்கடை வாசலிலை பிச்சைக்கு வரேல்லை. எனக்கு வேலை தாங்கோ, செய்யிறன். இல்லாட்டி என்னை மனுசனா மதிச்சுக் கதையுங்கோ. சொல்லு பிள்ளை, அப்பிடியே சொல்லு." ஆரணி சொன்னாள். அந்தப் பெண் குரலைத் தணித்து, ஒரு களஞ்சியசாலையில் பயிற்சிக்கு அனுப்புகிறேன் என்றாள். இன்றைக்கும் நான் வேலை செய்கிற இடம் அதுதான். அந்தக் கதையைக் கலியாண வீடுகளில், பிறந்தநாள்களில், கோயில் மடத்தில் சொல்லியிருக்கிறேன். புதிதாக வந்து பயந்து நிற்கிற பெடியன்களுக்குத் துணிவு வரட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

"அண்டைக்கு நீ என்ன சொன்னனி?"

"அப்பாவுக்கு வேலை செய்ய நல்ல விருப்பம். இரவிலை நித்திரை இல்லை, அதுதான் சத்தமாக் கதைக்கிறார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னனான்."

ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்பது வயது அப்பா. நீங்கள் எழும்பி நிண்டு கத்தினீங்கள். அவ பயந்துபோய்க் கதவைப் பாத்தா. நான் அப்பிடியே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

அவள் சொல்வது நியாயம் என்று அந்த இடத்திலேயே விளங்கியது. அந்த வயதுப் பிள்ளையை அப்படியான அறைக்குள் கொண்டுபோய் இருத்தியது நான்தான். ஆனால் நியாயம் விளங்கினால் நோவு குறையும் என்று நீங்கள் நினைத்தால் அது பிழை. இந்த நாட்டில் ஒரே ஒருமுறை நான் நிமிர்ந்து நின்று கதைத்தேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அங்கேயும் எனக்காக ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் வைத்தியரிடம் நான் சொன்னவை எப்படிப் போயின, வைத்தியர் சொன்னவை எப்படி வந்தன, வங்கியில் என்ன, அயல்வீட்டுக் கிழவரிடம் என்ன என்று மனம் ஒவ்வொரு கதிரையாகத் தேடிப் போனது. இத்தனை வருடமாக இவர்கள் அறிந்த மனிதன் நான் இல்லை, ஆரணி செய்து கொடுத்த வேறு யாரோ ஒருவன்.

"ஒன்பது வயதிலை பயத்திலை செய்தாய், சரி," என்றேன். "இருபத்தேழிலை உனக்கு என்ன பயம்?"

சனிக்கிழமைகளில் எனக்காக வந்தாளா, படத்துக்காக வந்தாளா என்றும் கேட்க நினைத்தேன். என்ன பதில் வந்தாலும் நம்பமாட்டேன் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

6

கொண்டுவந்த அசாயிக் கட்டி குளிர்ப்பைக்குள் உருகிக்கொண்டு இருந்தது. நான் போனை ராணியிடம் கொடுத்தேன்.

"எடு. நான் கதைக்கப் போறன்."

"என்ன கதைக்கப் போறியள்? பிள்ளையின்ரை வேலை போயிடும். பேரைச் சொல்லாதேங்கோ."

"எடு," என்றேன்.

முதலில் தமிழில் சொன்னேன். அது இலகுவாக வந்தது. பிறகு டெனிஷ். என் டெனிஷைத் தமிழில் போட்டால் இப்படித்தான் இருக்கும்: "நான் சிவநேசன். எனக்கு இருக்கிறது சீனி வருத்தம். நான் குளிசை சாப்பிடுகிறேன் எல்லா நாள். அசாயி நல்ல சாப்பாடு. மருந்து இல்லை. சீனி போட்ட அசாயி, அது ஐஸ்கிரீம். என் நண்பன் குளிசை நிறுத்தினான், இப்போது மருத்துவமனை. தயவுசெய்து நிறுத்தாதே. முதல் வீடியோவில் எழுத்து இருந்தது."

அந்த இடத்தில் நின்றேன். ராணி போனுக்குப் பின்னால் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஆரணி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். சொல்லாதேங்கோ என்று அவள் கேட்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும், அவள் கேட்கவில்லை.

"எழுத்து பொய்," என்றேன். "அந்த எழுத்து என்னுடையது இல்லை." அதற்குமேல் சொல்லவில்லை. கேட்பவர்கள் யாருடையது என்று தாங்களே அறிந்துகொள்வார்கள்.

ராணி போனைத் திருப்பித் தந்தாள். போட்டுப் பார்த்தேன். உச்சரிப்பு படுமோசம். இரண்டு இடத்தில் சொல் வராமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். ஹென்றிக் பார்த்தால் பாதி விளங்கும், அதுவும் அவருக்கு என் வாய் பழகியதால்.

ஆரணி எழுந்து வந்தாள். கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டு இருந்தாள். முகம் இன்னும் ஈரமாக இருந்தது.

"கன இடத்திலை பிழை இருக்கு அப்பா," என்றாள் மெதுவாக. "ஆக்களுக்கு விளங்காது. நான் கீழை எழுத்துப் போட்டுத் தரட்டோ? நீங்கள் சொன்னதை அப்பிடியே போடுறன்."

"நை," என்றேன், வேண்டாம் என்று. என் வீட்டுக்குள் என் பிள்ளையோடு நான் டெனிஷில் கதைத்த முதற்சொல் அதுதான்.